தடைக்காலத்துப் பந்து: சில குறிப்புகள்

ஏப்ரல் 15 ஆகிவிட்டால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். 61 நாள் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுக்குக் கடல் கிடையாது. பள்ளிக்கூடங்களுக்கும் அதே சமயத்தில் விடுமுறை. பகலெல்லாம் படகைப் பழுது பார்ப்பது, வர்ணம் அடிப்பது, வலை கட்டுவது என்று வேலை ஓடும். நாலரை மணிக்கு மேல் ஆட்கள் மைதானத்தில்தான். வேம்பார் தொடங்கி மணப்பாடு வரைக்கும் இந்த முத்துக்குளித்துறைக் கரையில் கால்பந்துக்குப் பருவம் எது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு மாதத்தைத்தான் சொல்வேன்.

2018இல் உலகக் கோப்பை தொடங்கியதும் தடைக்காலம் முடிந்ததும் ஒரே நாள், ஜூன் 14. மாஸ்கோவில் ரஷ்யா சவூதி அரேபியாவுக்கு எதிராக ஐந்து கோல் போட்ட அந்த இரவில், இங்கே துறைமுகத்தில் டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே ஒரு போனைச் சுற்றி ஆறேழு தலைகள். விடிந்தால் இரண்டு மாதம் கழித்து முதல் தொழில். அதற்கு முந்தின இரவில் ஒருவரும் தூங்கவில்லை.

*

எங்கள் பக்கத்தில் கோல் கம்பத்துக்குக் கடை வலை வாங்கிக் கட்டி நான் பார்த்ததில்லை. கழித்துப் போட்ட நைலான் வலைதான். அதிலும் கணக்கு இருக்கிறது. கண்ணி சின்னதாக இருந்தால் கடல் காற்றைப் பிடித்துக்கொண்டு கம்பத்தையே சாய்க்கும். திருக்கை வலை மாதிரி கண்ணி பெரிதாக இருந்தால் பந்து நுழைந்து பின்னால் போய்விடும்; கோலா வெளியா என்று சண்டை வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒவ்வோர் இறுதி ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு பெரியவர் வருவார். கையில் வலை பின்னுகிற ஊசியும் நூலும். கிழிந்த இடங்களைக் கட்டிவிட்டு, முஷ்டியால் ஒவ்வொரு மூலையிலும் குத்திப் பார்ப்பார். மேல் மூலைகள் இரண்டையும் கூடுதலாக இழுத்துக் கட்டுவார். நல்ல கோல் அங்கேதான் விழும் என்பது அவர் எண்ணம். வாலிப வயதில் பந்து விளையாடிய ஆள் இல்லை அவர். அந்த வயதில் வள்ளத்தில் இருந்தார். ரசிகர் என்ற சொல்லுக்கு நான் முதலில் நினைத்துக்கொள்வது அவரைத்தான்; கூச்சல் போடுகிற எங்களை எல்லாம் அவருக்குப் பிறகுதான் வைப்பேன்.

*

காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டு சங்கம் நடத்தும் மவுலானா அபுல்கலாம் ஆசாத் நினைவுக் கோப்பை. பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கேரளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் அணிகள் வரும். அசர் தொழுகை முடிந்து கூட்டம் சேர ஆரம்பிக்கும்; மஃரிப் பாங்குக்குள் ஆட்டம் முடிய வேண்டும். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிகிற ஒழுங்கை இந்த மாவட்டத்தில் வேறு எந்த விளையாட்டு நிகழ்ச்சியிலும் நான் கண்டதில்லை.

தூத்துக்குடியிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் வீரபாண்டியன்பட்டினத்திலிருந்தும் எங்கள் ஆட்கள் பைக்கில் போய் நிற்போம். முத்து வணிகக் காலத்திலிருந்தே பழக்கப்பட்ட ஊர்கள் இவை. ஒருத்தர் குளித்து எடுத்ததை இன்னொருத்தர் விற்ற உறவு. இப்போது ஒரே கயிற்றுக்குப் பின்னால் நின்று கேரள அணியின் வலது விங்கருக்குக் கை தட்டுகிறோம். யார் ஆடினாலும் நல்ல பந்துக்குக் கை தட்டுகிற கூட்டம் அது. பந்தைக் காலில் வாங்கி நிறுத்தும் அழகுக்கே ‘ஆஹா’ என்று ஒரு மூச்சு எழும். எதிரணிக்கு அப்படிக் கை தட்ட எங்கள் ஊர்க் கூட்டம் இன்னும் பழகவில்லை. பழக வேண்டும்.

*

எங்கள் அணியின் நடுக்கள ஆட்டக்காரன் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவன். 1961க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை; சங்கு மட்டும் தொடர்கிறது. காலையில் கடலுக்குள் இறங்கி ஏறினவன் மாலையில் தொண்ணூறு நிமிடம் ஓடுவான். மூச்சு வாங்குவதே தெரியாது. ஆனால் உயரத்தில் வரும் பந்தைத் தலையால் முட்ட மாட்டான். காது. ஆழத்தில் தண்ணீர் அழுத்தி அழுத்தி ஒரு பக்கக் காது எப்போதும் வலிக்கிறது என்பான். கார்னர் வந்தால் பெட்டிக்கு வெளியே வந்து நின்றுகொள்வான், தெறித்து வருகிற பந்துக்காக. அந்தத் தெறித்த பந்தில்தான் அவன் கோல்கள் அத்தனையும் வந்திருக்கின்றன.

வேறு ஊரில், வேறு வயதில், யாராவது ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்டிருந்தால் என்ற நினைப்பு அவன் ஆடும்போதெல்லாம் எனக்கு வரும். அவனுக்கு இருபத்தேழு ஆகிவிட்டது.

*

2025 நவம்பர் 18. டாக்காவில் இந்தியா வங்கதேசத்திடம் 0-1. பதினோராவது நிமிடத்தில் மோர்சலின் போட்ட கோல். வங்கதேசம் நம்மை வென்று 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பு அதற்கு முன்பே போய்விட்டது. அக்டோபர் 14ஆம் தேதி மட்காவில் சிங்கப்பூர் நம்மை 2-1 என்று வென்ற இரவிலேயே. டாக்கா ஆட்டத்தில் மானம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அதே தேதியில் உலகத்தின் இன்னொரு பக்கத்தில், ஜமைக்காவில் கோல் இல்லாமல் சமன் செய்து 2026 உலகக் கோப்பைக்குள் நுழைந்தது குராசாவ். கரீபியன் கடலில் ஒரு தீவு. மக்கள் தொகை ஒன்றரை லட்சத்துச் சொச்சம். 2011 கணக்கெடுப்பின்போதே தூத்துக்குடி நகரத்தில் மட்டும் அதைவிட எண்பதாயிரம் பேர் கூடுதல். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே மிகச் சிறியது குராசாவ்தான்.

இந்தக் குராசாவோடு இந்தியா ஆடியிருக்கிறது. 2019 ஜூன் 5, தாய்லாந்தின் புரிராமில் கிங்ஸ் கோப்பை. 1-3 என்று தோற்றோம். நம் கோல் சுனில் சேத்ரியின் பெனால்டி. ஆறே ஆண்டுகளுக்கு முன் நம்மோடு ஒரே போட்டியில் ஆடிய அணி அது. அவர்கள் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து அங்குள்ள கிளப்புகளில் வளர்ந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தகுதி பெற்றபோது பயிற்சியாளராக இருந்த டிக் அட்வகாத்தும் நெதர்லாந்துக்காரர். அப்படிப் பார்த்தால் சிறுவயதில் கிடைக்கிற பயிற்சிதான் ஒரு தீவை உலகக் கோப்பை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது. ஆட்கள் எண்ணிக்கை இல்லை. நம்மிடம் இருப்பது எண்ணிக்கை மட்டும்.

மறுநாள் துறைமுக யார்டில் கன்டெய்னர் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டே இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு மனம் கசந்தது.

*

அந்த வாரம் டீக்கடையில்.

“ஏலே, இந்தியா மேட்ச்ச என்னத்துக்குல பாக்க? தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு.”

“மாமா, போன வருசம் நம்ம டீமு முதல் ரவுண்டுலயே அஞ்சு கோல் வாங்கிச்சே. இந்த வருசம் நீங்க போவலியா?”

“அது நம்ம ஊருல.”

“இதும் நம்ம ஊருதான் மாமா.”

மாமா பதில் சொல்லவில்லை. பையனுக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

*

2018 ஜூன் 1. மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று வென்றது. சேத்ரி மூன்று கோல். மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு காணொளி போட்டார். திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கைகூப்பாத குறையாகக் கேட்டார். ஜூன் 4, கென்யாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. அவருக்கு அது நூறாவது சர்வதேச ஆட்டம்.

ஒரு நாட்டு அணியின் தலைவன் ரசிகனிடம் இப்படி இறங்கிவந்து கேட்க வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. திருவிழாக் கோப்பையில் எங்கள் ஊர் அணியின் கேப்டன் அப்படி யாரிடமும் கேட்டதில்லை. கேட்க அவசியம் வந்ததில்லை. அழைக்காமலே ஊர் வந்து நிற்கும். அந்த அணி ஜெயிக்கும் என்ற நம்பிக்கையில் வருகிறவர்கள் பாதிப்பேர்கூட இருக்க மாட்டார்கள். இடது பேக் இன்னாருடைய மகன், கோலி இன்னாருடைய மருமகன் என்று வருகிறார்கள். இந்திய அணியில் நமக்கு அந்த இன்னார் யாரும் இல்லை. தூத்துக்குடிக் கரையிலிருந்து ஒரு பையன் நீல ஜெர்சியில் ஆடினால் போதும். டீக்கடை மாமா அலாரம் வைத்து எழுந்திருப்பார்.

*

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இன்னார் கிடைத்தார். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ். தூத்தூர்க் கரை மண்ணில் ஓடிப் பழகிய கால். சென்னை சிட்டி, பிறகு ஜாம்ஷெட்பூர், பிறகு கொல்கத்தா. குராசாவோடு தோற்ற அந்தக் கிங்ஸ் கோப்பைக்குப் போன இந்திய அணியில் அவரும் இருந்தார். இடது பக்கத்தில் பந்தை வாங்கி, தடுக்க வருகிறவனை ஒரு நொடி நிற்கவைத்து, வெளிப்பக்கமாகக் கடந்து போகும் விதம் அப்படியே கடற்கரை ஆட்டம். மணலில் பந்து ஓடாது. அதனால் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளப் பழகுகிறார்கள். டிவியில் அவர் ஆடும்போது அந்த ஒட்டலை நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

2020 நவம்பர் 20, ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் முழங்கால். அந்த சீசன் அதோடு முடிந்தது. தூத்தூர் பக்கத்து நண்பர் ஒருவர் அன்றிரவு போனில், “நம்ம பயலுக்கு முட்டு போச்சு மக்கா” என்று சொன்ன குரல் இப்போதும் காதில் இருக்கிறது. 2017 ஒக்கி புயலில் அத்தனை பேரைக் கடலில் தொலைத்த கரை அது. அந்தக் கரைக்குச் சந்தோஷப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தார்.

அவர்களுக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை? என் கணிப்பு இது. தூத்தூரிலிருந்து திருவனந்தபுரம் கூப்பிடு தூரம். கேரளத்தின் செவன்ஸ் போட்டிகளில் பதினாறு வயதிலேயே காசுக்கு ஆடலாம். ஆடுகிற இடத்தில் பார்க்கிற கண்கள் இருக்கின்றன. தூத்துக்குடிப் பையனுக்குச் சென்னை 600 கிலோமீட்டர். நடுவில் பார்க்கிற கண்ணே இல்லை.

*

இதே மாவட்டத்தில் உள்ளே போனால் கோவில்பட்டி. அங்கே ஹாக்கி. செயற்கைப் புல் மைதானம், அரசு விளையாட்டு விடுதி, நிரந்தரப் பயிற்சியாளர். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் என்று இரண்டு பேர் ஆடினார்கள். இரண்டு பேரும் கோவில்பட்டி விடுதியில் வளர்ந்தவர்கள். ஒருவர் அந்த ஊர்க்காரர், மற்றவர் அரியலூரிலிருந்து வந்து சேர்ந்தவர்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை அங்கே. படுக்க இடம், சாப்பாடு, புல், தினமும் வருகிற வாத்தியார். இந்த நான்கையும் தூத்துக்குடித் தருவை மைதானத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் கால்பந்துக்கென்று பத்து வருடம் கொடுத்துப் பார்க்கட்டும். கோவில்பட்டிக்குச் செய்ய முடிந்ததைக் கடற்கரைக்குச் செய்ய முடியாதா? ஊர்க் கோப்பைக்கும் நாட்டு அணிக்கும் நடுவில் படிக்கட்டு இல்லை என்று எல்லாரும் புலம்புகிறோம். முதல் படி எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி நம் மாவட்டத்திலேயே அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது.

*

சென்னையின் எஃப்சி ஆட்டம் பார்க்க இங்கிருந்து போவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு. முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் பெரும்பாலும் இரவு ஏழரைக்கு. திரும்பி வர முத்துநகர் எழும்பூரில் கிளம்புவதும் ஏழரை வாக்கில்தான். அதனால் போவது ரயில், வருவது பஸ். நடுராத்திரிக்கு மேல் கிளம்பும் ஆம்னி பஸ்ஸாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கூடவே ஒரு காரியம் சொல்ல வேண்டும். அதே முத்துநகரின் முன்பதிவில்லாத பெட்டியில் கால்களுக்கு நடுவே ஒரு பையை இடுக்கிக்கொண்டு செலக்‌ஷனுக்குப் போகிற பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரவு முழுக்கக் கால் நீட்ட இடம் இருக்காது. காலை எட்டுக்கு இறங்கி, ஒன்பதரைக்கு மைதானத்தில் ஓடிக் காட்ட வேண்டும். சென்னைப் பையன் வீட்டில் தூங்கி எழுந்து வந்திருப்பான். இரண்டு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, யார் வேகம் என்று பார்ப்பார்கள். முந்தின நாளே வரச்சொல்லிப் படுக்க ஓர் இடம் கொடுத்தால் தேர்வு முடிவே மாறும் என்று அடித்துச் சொல்கிறேன்.

*

சென்னையின் எஃப்சியின் 2015 ஐஎஸ்எல் இறுதி ஆட்டம், கோவாவில். சென்னை வெள்ளத்தால் அரையிறுதிக்கே சொந்த மைதானம் கிடைக்காமல் புனேயில் போய் ஆடிய அணி. 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1. முடிந்தது என்று வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தொண்ணூறாவது நிமிடத்தில் சமன், காயங்களுக்காகச் சேர்த்த நிமிடங்களில் மெண்டோசா. 3-2. 2018இல் பெங்களூருவில் மறுபடியும் அதே 3-2, மறுபடியும் கோப்பை.

அடுத்த ஆண்டே சென்னை சிட்டி, கோவை மைதானத்தில் ஐ-லீக் பட்டம். 43 புள்ளி; ஒரே ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால். தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அப்படி ஓர் இரண்டு வருடம் வந்து போனது. சென்னை சிட்டி 2021க்குப் பிறகு ஐ-லீகில் இல்லை. ஐஎஸ்எல்லும் 2025 செப்டம்பரில் தொடங்கவில்லை. 2010இல் இந்தியக் கால்பந்து சம்மேளனம் போட்ட பதினைந்து ஆண்டு வணிக ஒப்பந்தம் முடிகிற ஆண்டு அது என்பது எல்லாருக்கும் பதினைந்து ஆண்டுகளாகத் தெரியும். ஆனாலும் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாட்டு அணி டாக்காவில் தோற்றதும் அந்த மாதங்களில்தான். கடலுக்குப் போகாத மாதத்தில் கடன் ஏறும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

*

அப்பா அடிக்கடி சொன்ன கதை, 1962 ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம், செப்டம்பர் 4. லட்சம் பேர் கூட்டம், முழுக்க இந்தியாவுக்கு எதிராக. பி.கே. பானர்ஜி ஒன்று, தலையில் தையல் போட்டுக்கொண்டு ஆடிய ஜர்னைல் சிங் ஒன்று. தென்கொரியா 1, இந்தியா 2. பயிற்சியாளர் ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். அடுத்த ஜூனில் காலமானார்.

அதற்கும் முன்னால் 1948 லண்டன் ஒலிம்பிக். பிரான்சுக்கு எதிராக, பாதிக்கு மேல் வெறுங்கால். 1-2 என்று தோல்வி. அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல். இந்தப் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பீலேயையும் மரடோனாவையும் தெரிந்த கூட்டத்துக்கு ராமனையும் சொல்லிக்கொடுக்கலாமே. பி.டி. பீரியடில் ஐந்து நிமிடம் போதும்.

*

பெண்கள் ஆட்டத்தைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் குறைவு. பேச வேண்டிய கணக்கு பெரியது. தமிழ்நாட்டு ஆண்கள் சந்தோஷ் டிராபியை ஒருமுறைகூட வென்றதில்லை. 2012இல் இறுதிவரை போய் சர்வீசஸிடம் 2-3 என்று விட்டார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பை இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று, 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று. மதுரை சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக் சாம்பியன். கடலூர் இந்துமதி கதிரேசன் நாட்டுக்கு ஆடினார், காவல்துறையில் எஸ்.ஐ. ஆனார்.

2025 ஜூலை 5, சியாங் மாய். தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் போனார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். ஆண்கள் அணி சிங்கப்பூரிடம் தோற்றதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்தது இது. அந்த இரவில் நான் குதித்த குதியில் வீட்டில் எழுந்து வந்து என்ன ஏது என்று கேட்டார்கள்.

கடலூரும் கடற்கரைதான். அங்கே முடிந்தது இங்கே இன்னும் தொடங்கவில்லை. எங்கள் மைதானத்தில் மாலை ஐந்துக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் பந்து தட்டுகிறார்கள். ஐந்துக்குப் பையன்கள் வந்ததும் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை மைதானம் அவர்களுக்கு மட்டும் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லும்வரை விடப்போவதில்லை.

*

மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. முத்துப் பாரும் சங்கும் மாதாவும் பந்தும். மன்னாரிலிருந்து டக்ஸன் பியூஸ்லஸ் இலங்கை தேசிய அணியின் தடுப்பாட்டக்காரராக உயர்ந்தார். மாலைத்தீவில் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தபோது 2022 பிப்ரவரியில் அங்கேயே இறந்துபோனார். செய்தி வந்தபோது கடலின் இந்தப் பக்கம் எங்களுக்கும் துக்கமாகத்தான் இருந்தது.

*

உலகக் கோப்பை வந்தால் தெருவுக்குத் தெரு பேனர். அர்ஜென்டினாவும் பிரேசிலும் பாதிப் பாதி. இதை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அழகான ஆட்டத்தை நேசிப்பதற்கு பாஸ்போர்ட் தேவையில்லை. 2022 டிசம்பர் 18, கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கிய தெருவில் திரை கட்டி, அர்ஜென்டினா பெனால்டியில் பிரான்ஸை வென்றபோது அழுத பையன்களை நான் பார்த்தேன். அது உண்மையான அழுகை. அதே பையன்களுக்கு இந்தியா அடுத்து யாரோடு, எப்போது ஆடுகிறது என்று தெரியாது. அதுதான் வலி. இந்திய ஜெர்சி கேட்டால் நம் ஊர்க் கடையில் கிரிக்கெட் ஜெர்சியை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

2025 டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தா வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களால் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை, நாற்காலிகள் பறந்தன. அந்தப் பணத்துக்கு எத்தனை மைதானத்தில் புல் போட்டிருக்கலாம் என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

*

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டமே தண்ணீரில். வடிந்த பிறகு எங்கள் மைதானத்தில் ஒரு முழத்துக்குச் சேறு. ஜனவரியில் யாரும் அறிவிக்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். எதிரணிக்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், போன வருடம் ரெஃப்ரியை அடிக்கப் பாய்ந்த ஆள் உட்பட. மதியத்துக்கு ஒரு வீட்டிலிருந்து குண்டானில் மீன்குழம்பு. பிப்ரவரியில் ஆட்டம் தொடங்கிவிட்டது.

*

ரெஃப்ரி என்றதும் ஒன்று. ஊர்ப் பகையை மைதானத்துக்குக் கொண்டுவருகிறவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்த வேண்டும். கத்தலாம், ஆஃப்சைடு என்று தொண்டை கிழிய வாதாடலாம். கல்லெடுத்தால் அந்த ஊர் அணிக்கு அடுத்த இரண்டு வருடம் இடமில்லை என்று இந்த ஆண்டு நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கிறார்கள். வரவேற்கிறேன்.

*

2026 உலகக் கோப்பை ஜூன் 11 அன்று தொடங்குகிறது. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா என்பதால் நமக்குப் பெரும்பாலான ஆட்டம் நள்ளிரவுக்கு மேல், சில விடிந்த பிறகு. தடை இல்லாத நாட்டுப்படகுக்காரர்கள் பார்க்க முடியாது. விசைப்படகுக்காரர்களுக்கு முதல் மூன்று நான்கு நாள் மட்டும் தோது. நான் குராசாவ் ஆட்டங்களைத் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் கோப்பை முடிந்துவிட வேண்டும். எங்கள் கோலி தோணியில் வேலை செய்கிறவன், மாலைத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போகிற தோணி. தென்மேற்குக் காற்று கிளம்பும் மாதங்களில் தோணி போகாது. அதனால்தான் இந்தப் பருவத்தில் நமக்குக் கிடைக்கிறான். கையுறை கிழிந்துவிட்டது, இந்தத் தடவையாவது நல்லது வாங்கித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறான். ஆளுக்கு ஐம்பது ரூபாய் வீதம் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம். டீக்கடை மாமா இருநூறு எழுதியிருக்கிறார்.